கடலூர்–புதுச்சேரி சாலைக்கு ஏற்ற கார் எது? விண்ட்சர், பஞ்ச், நெக்ஸான், ஃபிராங்க்ஸ்

கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் வேலை பார்க்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு இது. பழைய காருக்கு வயதாகிவிட்டது, புதியது எடுக்க வேண்டும். பெட்ரோலா, மின்காரா? மின்கார் என்றால், விலைக்குத் தாராளமாக இடமும் வசதியும் தருகிற எம்.ஜி. விண்ட்சர் என்ற அந்தச் சீனத்து வண்டியை நம்பி எடுக்கலாமா?

எங்கள் வீட்டின் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு, வாசலில் போர்ட்டிகோ. எனக்கு வேலை புதுச்சேரியில். போக வர ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மூட்டுவலியுள்ள அம்மா, பள்ளிக்குப் போகும் மகள். அம்மாவை அவ்வப்போது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வருடத்தில் சில முறை சென்னைப் பயணம். கையில் உள்ள பணம் பதினாறு லட்சத்தைத் தாண்டாது. இந்தத் தேவைக்குள் வந்தவை எம்.ஜி. விண்ட்சர், டாடா பஞ்ச் மின்கார், டாடா நெக்ஸான் மின்கார், மாருதி ஃபிராங்க்ஸ் பெட்ரோல். நான்கையும் ஓட்டிப் பார்த்தோம். சீனத்து பி.ஒய்.டி. நிறுவனத்தின் அட்டோ 3 மின்காரும் நல்ல வண்டி என்று நண்பர்கள் சொன்னார்கள். 2022-இல் அது இந்தியாவுக்கு வந்தபோது விலை 34 லட்சத்தை ஒட்டியிருந்தது. 2024-இல் சிறிய பேட்டரியோடு வந்த வகையும் 25 லட்சத்தை ஒட்டியே இருந்தது. எங்கள் வசதிக்கு அது எட்டாது என்பதால் ஷோரூம் பக்கமே போகவில்லை.

முதலில் அந்தச் சீனக் கேள்வியைப் பார்த்துவிடலாம். எம்.ஜி. என்பது பிரிட்டனில் 1920-களில் தொடங்கிய பெயர். 2007 முதல் அது ஷாங்காயைச் சேர்ந்த சாயிக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இந்தியாவில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 35 விழுக்காட்டுப் பங்கோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. குஜராத்தின் ஹலோலில், முன்பு ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலையில்தான் வண்டிகள் தயாராகின்றன. விண்ட்சர், சாயிக் கூட்டு நிறுவனமான வூலிங்கின் கிளவுட் என்ற மின்காரை அடிப்படையாகக் கொண்டது. அதாவது பெயர் ஆங்கிலேயருடையது, பிறப்பு சீனம், பொருத்துவது குஜராத்.

இதைக் கேட்டவுடனேயே வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள். இந்திய-சீன எல்லையில் நடந்த மோதலை மனத்தில் வைத்து அவர்கள் பேசுகிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் சீனப் பொருளே இல்லாத மின்கார் வேண்டும் என்று தேடினால் இன்று கடைவீதியில் அப்படி ஒன்று கிடைப்பது மிகவும் அரிது. நாட்டில் ஓடும் மின்கார்களின் பேட்டரிச் செல்களில் பெரும்பகுதி சீனத்திலிருந்துதான் வருகிறது. மகிந்திராவின் பி.இ. 6 காரில் இருப்பவை பி.ஒய்.டி. குழுமத்தின் செல்கள். 2025 ஏப்ரலில், மோட்டார்களுக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது நம் நாட்டுக் கார் நிறுவனங்கள், இருசக்கர வாகன நிறுவனங்கள் எல்லாமே கவலையில் ஆழ்ந்தன. ஆகவே முகப்பில் இருக்கும் முத்திரையை மட்டும் பார்த்து ஒதுக்குவது காரியத்துக்கு உதவாது. கேட்க வேண்டியவை வேறு. உதிரிபாகம் இங்கே எத்தனை நாளில் வரும்? அருகில் உள்ள சர்வீஸ் மையம் எங்கே? முன்கண்ணாடியோ பம்பரோ உடைந்தால் என்ன விலை? ஷோரூமின் விற்பனைப் பகுதியில் இவற்றைக் கேட்டால் எல்லாம் உடனே கிடைக்கும் என்பார்கள். பக்கத்திலேயே சர்வீஸ் பகுதி இருக்கும். அங்கே போய், வண்டியைப் பழுதுக்கு விட்டுக் காத்திருக்கும் உரிமையாளர் ஒருவரிடம் பேசுங்கள். நாங்கள் நான்கு வண்டிகளுக்கும் அப்படித்தான் செய்தோம்.

இனி ஓட்டிப் பார்த்த அனுபவம். டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் ஷோரூம்காரர்கள் வழக்கமாகக் கூட்டிப்போவது பள்ளமில்லாத நேர்சாலையில் ஒரு சிறு சுற்று. ஏ.சி. முன்பே போட்டு வண்டியைக் குளிர்வித்து வைத்திருப்பார்கள். பின்னிருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சுற்றில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டோம்: வீட்டார் எல்லோரும் வருவோம், எங்கள் தடத்தில்தான் ஓட்டுவோம், வண்டி வெயிலில் நிற்கட்டும். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் மறுத்தார்கள். அங்கே திரும்பப் போகாமல், அதே வண்டியை வேறு விற்பனையாளரிடம் ஓட்டிப் பார்த்தோம்.

தடம் இதுதான். நூறடிச் சாலையிலிருந்து மரப்பாலம், முருங்கப்பாக்கம் வழியாக அரியாங்குப்பம் பாலத்தைக் கடந்து தவளக்குப்பம் வரை. திரும்பி வந்து ஊருக்குள் நுழைந்து புஸ்ஸி வீதி, காந்தி வீதி, பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்துகள். இந்தத் தடத்தில் நம் அன்றாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. கடலூர் சாலையில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். ஊருக்கு ஊர் வேகத்தடையும் இரும்புத் தடுப்பும் இருக்கும். உள்வீதிகளில் இருபுறமும் ஸ்கூட்டர்கள் நிற்க, நடுவில் ஒரு கார் போகும் அளவுக்குத்தான் வழி. அதில் எதிரே ஒரு லோடு ஆட்டோ வரும்.

விண்ட்சரில் முதலில் அம்மாவைத்தான் ஏறச் சொன்னேன். இருக்கையின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைத்தால் போதும். கதவு அகலமாகத் திறக்கிறது, தரை சமமாக இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,700 மில்லிமீட்டர் இடைவெளி என்பதால் பின்னால் கால் நீட்ட நிறைய இடம். முதுகு 135 டிகிரி வரை சாய்கிறது; தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஜிப்மரில் காத்திருந்து அலுத்து வீடு திரும்பும் ஒரு மூத்தவருக்கு இந்த இருக்கை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த நிலையில் உள்ள குடும்பங்களுக்குத் தெரியும். கார் விமர்சனங்களில் வேகத்தைப் பற்றி எழுதுகிறார்கள், விளக்குகளைப் பற்றி எழுதுகிறார்கள். பின்னிருக்கையில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் எப்படி ஏறி இறங்குவார் என்று எழுதுபவர்கள் குறைவு. நம் ஊரில் காரை வாங்குவது பாதிக்குப் பாதி பின்னால் உட்காருபவர்களுக்காகத்தானே!

ஓட்டுவதற்கு எளிது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு தண்டைத் தள்ளினால் வண்டி நகர்கிறது. 136 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸை முந்துவதற்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. தவளக்குப்பத்து வேகத்தடைகளில் வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது, பின்னால் யாரும் தூக்கிப்போடப்படவில்லை. வேகம் கூடும்போது உடல் கொஞ்சம் அசைகிறது. சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறுக்கு மேல் போகிறவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். எங்களுக்கு அந்த வேகம் தேவையில்லை.

எனக்கு உறுத்தியது திரை. 15.6 அங்குலத் திரை பார்க்க அழகுதான். ஆனால் ஏ.சி.யைக் கூட்டிக் குறைப்பதும் பக்கக் கண்ணாடியைத் திருப்புவதும் அதற்குள் போய்த்தான் செய்ய வேண்டும். மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது அது பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கண் சாலையை விட்டு நகர்கிறது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் வண்டி தானே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி எல்லா மின்கார்களிலும் உண்டு. அதன் அளவை மாற்றுவதற்கும் விண்ட்சரில் திரைதான். டாடா வண்டிகளில் அது ஸ்டீயரிங்கிலேயே விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வண்டி எடுப்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, ஓட்டும்போது திரையைத் தொடாமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். மகள் முன்னிருக்கையில் இருந்தால் அந்த வேலையை அவளிடம் கொடுத்துவிடலாம்.

அடுத்தது அகலம். விண்ட்சர் 1,850 மில்லிமீட்டர், பஞ்ச் 1,742. பத்துச் சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். காந்தி வீதியில் இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே அந்தப் பத்துச் சென்டிமீட்டர் என்னவென்று தெரிந்தது. கண்ணாடிகளை மடக்கிக்கொண்டுதான் ஒரு சந்தைக் கடந்தோம். புதுச்சேரியின் பழைய தெருக்களில் வீடு உள்ளவர்களும், திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வீடு உள்ளவர்களும் முதலில் தங்கள் கேட்டை அளந்துவிட்டுப் போக வேண்டும். நீளமும் 4.3 மீட்டரை ஒட்டி வருகிறது. எங்கள் போர்ட்டிகோவில் பின்கதவைத் திறக்க இடம் மிச்சமிருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. டிக்கி மட்டும் 604 லிட்டர்; பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளை மேலே கட்ட வேண்டாம்.

பஞ்ச் மின்கார் இதற்கு நேர் எதிரான குணம். 3,857 மில்லிமீட்டர் நீளம்தான். புஸ்ஸி வீதியில் விண்ட்சரோடு வியர்த்த இடங்களிலெல்லாம் இது எளிதாக நுழைந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் இரண்டு கார்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒரே மூச்சில் நின்றது. 2024 ஜனவரியில் 10.99 லட்சத்தில் அறிமுகமாகி, அந்த ஆண்டு செப்டம்பரில் 9.99 லட்சத்துக்கு இறங்கியது. அப்போது வந்தது 25, 35 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் கொள்ளும் இரண்டு பேட்டரிகளோடு. பெரிய பேட்டரிக்கு ஒரு முழு சார்ஜில் 421 கிலோமீட்டர் என்று சான்றிதழில் இருந்தாலும் அன்றாடம் 270, 280 என்று கணக்குப் போடுவதே நல்லது. தனியாகவோ கணவன் மனைவி இருவராகவோ போய்வருபவர்களுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. பின்னால்தான் சங்கடம். நான் முன்னால் என் வசதிக்கு இருக்கையைத் தள்ளி உட்கார்ந்தபோது அம்மாவின் முழங்கால் முன்னிருக்கையைத் தொட்டது. மடக்கியே வைத்திருந்தால் அவருக்கு வலி கூடும். அந்தக் காரணத்தால் எங்கள் பட்டியலிலிருந்து பஞ்சை எடுக்க வேண்டியதாயிற்று. வண்டி மேல் வேறு குறை எதுவும் எனக்கு இல்லை.

நெக்ஸான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளம், 45 யூனிட் பேட்டரி, சான்றிதழில் 489 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் இந்தப் பேட்டரியோடு வந்தபோது 13.99 லட்சத்தில் விலை தொடங்கியது. ஓட்டும்போது கைக்குள் அடங்கியிருக்கும் உணர்வு இதில்தான் அதிகம். வேகத்தில் தரையைப் பிடித்து ஓடுகிறது. பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பஞ்ச், நெக்ஸான் இரண்டு மின்கார்களும் 2024-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றன. தனியார் பஸ்கள் பாயும் நம் சாலையில் இதைச் சாதாரணமாக நினைத்துவிட முடியாது. விண்ட்சர் எடுக்க நினைப்பவர்கள் அதன் சோதனை நிலையை ஷோரூமில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆறு காற்றுப்பைகள் உண்டு என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றினால் விடாதீர்கள். நெக்ஸானின் பின்னிருக்கை பஞ்சைவிட நல்லது. ஆனாலும் விண்ட்சரில் ஏறி இறங்கிய பிறகு அம்மாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஃபிராங்க்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், சிறிய குடும்பத்துக்குப் போதுமான உடல், எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18-க்குக் குறைந்தது. மின்காருக்கு எப்போதும்போல 5. அதனால் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் இடையிலான விலை வித்தியாசம் கூடியிருக்கிறது. மாதம் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவர் இந்த வண்டியை எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாலை ஆறு மணிக்கு அரியாங்குப்பம் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து வந்த பிறகு, என் இடது கால் மின்காருக்குத்தான் வாக்களித்தது.

பணக் கணக்குதான் மிகவும் குழப்பும் பகுதி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது இரண்டு விலை சொன்னார்கள். பேட்டரியோடு 13.50 லட்சம். பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பேட்டரி வாடகை 3.50 ரூபாய். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டாவது விலை. இரண்டுக்கும் வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50 ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டுகிற வீட்டுக்கு வாடகை நட்டம், அதற்குக் கீழே ஓட்டுகிற வீட்டுக்கு லாபம். வட்டியைச் சேர்த்தால் கோடு கொஞ்சம் நகரும், அடிப்படை மாறாது. விலைகள் பிறகு மாறியிருக்கும். நீங்கள் போகும் நாளின் இரண்டு விலைகளையும் வாங்கி இதே வகுத்தலைச் செய்து பாருங்கள்.

என் கணக்கில் மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 1,250 கிலோமீட்டர், வருடத்துக்கு 15,000. ஞாயிறு, பண்டிகை, சென்னை என்று சேர்த்தால் 18,000 ஆகலாம். ஆறு வருடத்துக்குள் லட்சத்தைத் தொட்டுவிடுவேன், வண்டியையோ பத்து வருடம் வைத்திருக்க நினைக்கிறேன். எனவே வாடகை எனக்கு ஆகாது. அதோடு இன்னொன்றையும் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து, நெரிசலில் பதினைந்து கிலோமீட்டர் கிடைத்தால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் ரூபாய் ஆகிறது. மின்காருக்கு வீட்டு மின்சாரத்தில் ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்து ரூபாய்க்கு மேல். வேலைப் பயணத்தில் மட்டும் ஆண்டுக்கு 75,000-க்கு மேல் கையில் நிற்கும். பேட்டரி வாடகை 3.50 அதில் புகுந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய்தான். மின்காருக்கு மாறுவதன் பலனில் பெரும்பகுதி வாடகையாகவே போய்விடும். வாடகைத் திட்டத்தை எடுப்பவர்கள், மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த ஒன்றரை ரூபாய் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறும். முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் மேற்படிக் கட்டணம் எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு, கீழ்ப்படிகளின் கட்டணமும் மாறுகிறது. மாதம் 1,250 கிலோமீட்டர் ஓட்டும் கார், இரண்டு மாதத்தில் 380 யூனிட் அளவுக்குக் குடிக்கும். ஏற்கெனவே ஏ.சி. ஓடும் வீட்டில் அந்த யூனிட்டெல்லாம் மேல் படியில்தான் விழும். அதனால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தேன். ஷோரூமில் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர் என்று சொல்லும்போது அவர்கள் இந்தப் படிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. புதுச்சேரியில் மேல்படிக் கட்டணம் இவ்வளவு ஏறுவதில்லை. அங்கே குடியிருப்பவருக்கு மின்காரின் லாபம் கொஞ்சம் கூடும். அதே சமயம் அங்கே பெட்ரோலும் சில ரூபாய் மலிவு. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வரும் கடலூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் சார்ஜ் போட இடமில்லாதவர்கள் மின்கார் பக்கம் வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொதுச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைவிட மிக அதிகம், பொழுதும் வீணாகும். 38 யூனிட் பேட்டரியுள்ள விண்ட்சருக்குச் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் காலியிலிருந்து நிறைய ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் பிடிக்கும். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது கவலை இல்லை. இரவில் மூன்று நான்கு மணி நேரம் போட்டால் அன்று செலவானது திரும்பிவிடும். 7.4 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் மின்வாரியத்தில் இணைப்பின் சுமையை உயர்த்த வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தை எலக்ட்ரீஷியனிடம் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்: எர்த். கடலோர வீடுகளில் உப்புக்காற்றில் எர்த் கம்பி அரித்துப் போயிருக்கும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் வேலை செய்ய மறுத்துவிடும், பழி காரின் மேல் விழும்.

மழையைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் கார் வாங்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகளையும் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் மூழ்கடித்தது. மின்காரின் பேட்டரி அடித்தளத்தில் இருக்கிறது, தண்ணீரில் என்ன ஆகும் என்று அம்மாவே கேட்டார். ஐ.பி. 67 என்ற தரச்சான்று, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதைக் குறிக்கிறது. வேகமாக ஓடும் வெள்ளத்தில் ஓட்டலாம் என்பதோ, இரண்டு நாள் மூழ்கிக் கிடக்கலாம் என்பதோ அதன் பொருள் அல்ல. பெட்ரோல் காருக்கும் வெள்ளத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்ததுதான்; ஆனால் என்ஜினை மாற்றுவதைவிடப் பேட்டரியை மாற்றுவது பெரிய செலவு. எனவே காப்பீட்டில் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பெட்ரோல் காருக்கான என்ஜின் பாதுகாப்பு அதற்கு ஈடாகாது. புதுச்சேரியின் ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடு உள்ளவர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை எந்த மேட்டில் கொண்டுபோய் விடுவது என்று இப்போதே இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் ஒரே வாகனம் மின்கார் என்று ஆகிவிடாமல் ஒரு பெட்ரோல் ஸ்கூட்டராவது இருப்பது நல்லது.

சென்னைப் பயணத்துக்கு வருகிறேன். விண்ட்சரின் 38 யூனிட் பேட்டரிக்குச் சான்றிதழில் 331 கிலோமீட்டர், ஏ.சி.யோடு, நால்வரோடு, 250-க்கு மேல் நான் கணக்கிட மாட்டேன். கடலூரிலிருந்து போய்ச் சேர அது போதும், திரும்பி வர அங்கே ஓர் இரவு சார்ஜ் போட இடம் வேண்டும். என் சித்தப்பா வீட்டில் அந்த வசதி இருக்கிறது. மாதம் இருமுறை சென்னை போய் அன்றே திரும்புபவர்கள் 45 யூனிட் நெக்ஸானையோ, 2025 மே மாதம் வந்த 52.9 யூனிட் விண்ட்சர் புரோவையோ பார்ப்பதுதான் சரி. வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்குப் பெரிய பேட்டரியின் விலையைக் கொடுப்பது வீண். அந்தக் கனத்தையும் தினமும் சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

பேட்டரியின் ஆயுள் பற்றியும் கேட்டேன். விண்ட்சரை முதலில் வாங்கும் தனிநபருக்கு ஆயுள் முழுவதும் பேட்டரி உத்தரவாதம் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. விற்றுவிட்டால் அடுத்தவருக்கு அது எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்று சுருங்கிவிடும். பத்து ஆண்டு வைத்திருக்கும் நோக்கமுள்ள எனக்கு இது சாதகம். ஐந்து ஆண்டில் விற்று வண்டி மாற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு மின்காரின் மறுவிற்பனை விலை இன்னும் நிலைபெறவில்லை. அவர்கள் ஃபிராங்க்ஸில் நிம்மதியாக இருப்பார்கள்.

நாங்கள் விண்ட்சரின் 38 யூனிட் வகையை, பேட்டரியையும் சேர்த்துச் சொந்தமாக எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவின் முழங்காலும் எங்கள் தினசரி ஐம்பது கிலோமீட்டரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. எனக்கு வயதான பெற்றோர் இல்லாதிருந்தால் நெக்ஸானைத்தான் எடுத்திருப்பேன், சற்றும் தயங்காமல். புதுச்சேரியில் மிஷன் வீதிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் என் தங்கை கணவரும் எங்களோடு வந்து விண்ட்சரை ஓட்டிப் பார்த்துவிட்டு அதையே எடுக்கத் துடித்தார். அவர் வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தவே அண்டை வீட்டாரோடு பேச வேண்டும்; வண்டி தெருவோரத்தில்தான் நிற்கும்; சார்ஜ் போட மாடியிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். அவருக்கு ஃபிராங்க்ஸ்தான் என்று நானும் தங்கையும் சேர்ந்து பேசிச் சம்மதிக்க வைத்தோம்.

பதிவு எங்கே என்ற கேள்வி மிச்சம். வரி குறைவென்று புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்யும் பழக்கம் கடலூரில் உண்டு. மின்காருக்கு அது தேவையா என்று பாருங்கள்: தமிழ்நாடு 2025 டிசம்பர் இறுதிவரை மின்வாகனங்களுக்குச் சாலை வரியில் முழு விலக்கு அளித்திருந்தது. நீங்கள் பதியும் நாளில் நடப்பில் உள்ள ஆணை என்ன என்று கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள்.